குருதியில் பதிந்த தடம்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரின் குருதியை எடுத்துச் சோதிப்பது இன்று சிற்றூர்களிலும் இயல்பாகிவிட்டது. அச்சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதை அறிந்தோர் சிலரே. நோய்க்கிருமி உடலுக்குள் வந்து சென்றதைக் குருதி நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. அந்நினைவை அளக்கும் கலையையும், அளந்ததைப் பிழையின்றிப் படிக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆறு விட்டுச்சென்ற கோடு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் கரையில் அமைந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. கரும்பு வயல்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இவ்வூரின் அடையாளங்கள். ஊரின் பெயரிலேயே ‘துறை’ என்னும் சொல் அமைந்திருக்கிறது. ஆற்றோடு வாழும் மக்களுக்கு வெள்ளம் புதிதன்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பொழிந்தபோது, சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது.

வெள்ளம் சில நாள்களில் வடிந்துவிடும். ஆனால், அது தொட்டுச்சென்ற சுவர்களிலும் மரங்களின் அடிப்பகுதியிலும் வண்டல் கோடு ஒன்று எஞ்சியிருக்கும். அக்கோட்டின் உயரத்தைக் கொண்டு வெள்ளம் எவ்வளவு ஏறியது எனக் கூறலாம். அது மங்கியிருக்கும் அளவைக் கொண்டு வெள்ளம் வந்து எவ்வளவு காலமாயிற்று என ஓரளவு மதிப்பிடலாம். ஆயினும், சுவரில் கோடு இருக்கிறது என்பதனாலேயே இன்று ஆற்றில் வெள்ளம் ஓடுகிறது என்று எவரும் கூறமாட்டார்.

நம் குருதியிலும் இத்தகைய கோடுகள் உண்டு. அவற்றை நோய் எதிர்ப்பொருள்கள் என்கிறோம்.

ஒரு சோதனைச் சீட்டு

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு ஐந்து நாள்களாகக் காய்ச்சல் என்று கொள்வோம். ஆய்வகத்தில் குருதி கொடுக்கிறார். மாலையில் கிடைக்கும் சீட்டில் ‘விடால் சோதனை: ஓ – 1:160, ஹெச் – 1:80’ என்று எழுதியிருக்கிறது. வீட்டிலுள்ளோர் அதைக் கண்டு ‘டைபாய்டு’ என்று முடிவு செய்கின்றனர். முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லி மருந்துக்கடையில் வாங்கிவிடவும் கூடும்.

அந்த எண்கள் உண்மையில் கூறுவது என்ன? இதற்கு விடை காண, முதலில் கிருமியையும் அதற்கு உடல் ஆற்றும் எதிர்வினையையும் அறிதல் வேண்டும்.

கிருமியும் காவலும்

சால்மோனெல்லா என்பது குடலைத் தாக்கும் பாக்டீரியாக்களின் ஒரு பேரினம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் எல்மர் சால்மன் என்பவரின் பெயரால் இஃது அழைக்கப்படுகிறது. இவ்வினத்தில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் பல விலங்குகளிடமும் மனிதரிடமும் வாழ்ந்து, மாசடைந்த முட்டை, இறைச்சி முதலியவற்றின் வழியாக வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. டைஃபி என்னும் வகையோ மனிதரிடம் மட்டுமே வாழ்வது. நோயாளியின் மலத்தால் மாசடைந்த நீரும் உணவுமே அது பரவும் வழிகள். இவ்வகையே டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சலுக்குக் காரணம்.

உடலுக்குள் நுழைந்த டைஃபி, சிறுகுடலின் சுவரைக் கடந்து, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. பின்னர்க் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றை அடைந்து பெருகுகிறது. அதனால் கிருமி புகுந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்தே காய்ச்சல் தலைகாட்டுகிறது.

இதற்குள் உடலின் காவல் தொடங்கிவிடுகிறது. கிருமியின் மேற்பரப்பில் உள்ள பொருள்களை வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, அவற்றோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்தும் புரதங்களை உருவாக்குகின்றன. இப்புரதங்களே எதிர்ப்பொருள்கள். இவற்றை உண்டாக்கத் தூண்டும் கிருமியின் பகுதி ‘ஆன்டிஜென்’ எனப்படும். பொதுவாக முதலில் தோன்றுவது ஐஜிஎம் என்னும் வகை. அடுத்துப் பெருகி நெடுநாள் நீடிப்பது ஐஜிஜி. குடல் போன்ற ஈரப்பரப்புகளைக் காப்பதில் முதன்மையானது ஐஜிஏ. நோய் நீங்கிய பின்னும் இவை உடனே மறைவதில்லை. திங்கள்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்துவருகின்றன.

தெரிந்து தெளிவோம்

சோதனைச் சீட்டில் காணும் ‘ஓ’, ‘ஹெச்’ என்னும் எழுத்துகள் ஜெர்மானியச் சொற்களிலிருந்து வந்தவை. ‘ஹௌஹ்’ என்றால் மூச்சுக்காற்று படிந்ததுபோன்ற மெல்லிய படலம். கசையிழைகளால் நீந்தும் பாக்டீரியாக்கள் வளர்தட்டில் அத்தகைய படலமாகப் பரவின. அதனால் கசையிழை ஆன்டிஜென் ‘ஹெச்’ எனப்பட்டது. ‘ஓனெ ஹௌஹ்’ என்றால் படலம் இன்றி என்பது பொருள். அதன் முதலெழுத்தான ‘ஓ’, கிருமியின் உடற்பரப்பில் உள்ள ஆன்டிஜெனைக் குறிக்கிறது.

விடால் செய்த மாற்றம்

1896ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டிருந்தனர். ஒரு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் கொண்ட ஊநீரை அக்கிருமிகள் மிதக்கும் நீரில் சேர்த்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கையில் உள்ள கிருமி இன்னதென அறிய இத்திரட்சி பயன்பட்டது. அதே ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஜார்ஜ் ஃபெர்னான் விடால் இக்கேள்வியைத் திருப்பிப் போட்டார். கிருமி இன்னதென்று முன்பே தெரியும். நோயாளியின் ஊநீரில் அதற்கான எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்த்தால் என்ன? கிருமியை நோயாளியின் உடலிலிருந்து பிரித்தெடுக்காமலே நோயைக் கணிக்க இது வழிகாட்டியது. அச்சோதனையே இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எதிர்ப்பொருளின் அளவை எவ்வாறு எண்ணால் குறிப்பது? ஒரு குவளை வெல்லக் கரைசலை எண்ணிப் பாருங்கள். அதில் பாதியை எடுத்துச் சம அளவு நீர் சேர்க்கிறோம், இனிக்கிறது. மீண்டும் பாதியை எடுத்து நீர் சேர்க்கிறோம், அப்போதும் இனிக்கிறது. இப்படியே தொடர்ந்தால் ஒரு நிலையில் இனிப்பு நாவுக்குத் தெரிவதில்லை. எத்தனை முறை நீர் சேர்த்த பின்னும் இனித்தது என்பது, முதலில் கரைந்திருந்த வெல்லத்தின் அளவைக் காட்டிவிடும்.

ஆய்வகத்தில் ஊநீரை 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்று இரட்டிப்பாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் கிருமி ஆன்டிஜெனைச் சேர்க்கின்றனர். திரட்சி கண்ணுக்குத் தெரியும் கடைசி நீர்த்தல் எதுவோ, அதுவே அளவு. ‘ஓ – 1:160’ என்றால், ஊநீரை நூற்றறுபது மடங்காக நீர்த்த பின்னும் திரட்சி தெரிந்தது என்று பொருள். அவ்வளவே, மாணவரின் உடலில் இன்று டைஃபி இருக்கிறது என்பது அதன் பொருளன்று.

சாட்சி எங்கே தவறுகிறது?

விடால் சோதனை பொய் கூறுவதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அது விடை கூறுகிறது. ‘இன்று என்ன நோய்?’ என்று நாம் கேட்கிறோம். ‘இதுபோன்ற கிருமியை இவ்வுடல் சந்தித்திருக்கிறது’ என்று குருதி விடையளிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் பிழைகள் நேர்கின்றன.

முதலாவது, பழைய தடம். குடற்காய்ச்சல் அடிக்கடி பரவும் பகுதிகளில் நலமாக இருப்போரின் குருதியிலும் எதிர்ப்பொருள் ஓரளவு காணப்படும். ஆகவே, ஒரு வட்டாரத்தில் நலமானவர்களிடம் இயல்பாக உள்ள அளவை அறியாமல், எந்த எண் மிகை என்று முடிவு செய்ய இயலாது. தடுப்பூசி போட்டுக்கொண்டவரிடமும் ஊசியின் வகையைப் பொறுத்து இத்தடம் தோன்றலாம்.

இரண்டாவது, வேறொன்றின் தடம். பல சால்மோனெல்லா வகைகள் ஒரே ‘ஓ’ ஆன்டிஜெனைப் பகிர்ந்துகொள்கின்றன. பிற காய்ச்சல்களின்போதும் சில வேளைகளில் எதிர்ப்பொருள்கள் பொருந்தாத இடத்தில் போய் ஒட்டுகின்றன. இதனைக் குறுக்கு வினை என்பர்.

மூன்றாவது, பதியாத தடம். காய்ச்சலின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. உண்மையிலேயே குடற்காய்ச்சல் கண்டவருக்கும் அப்போது ‘இல்லை’ என்று முடிவு வரலாம்.

இப்பிழைகளைக் குறைக்க மருத்துவ நூல்கள் ஒரு வழி கூறுகின்றன. ஒருமுறை அளந்து, ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அளவு நான்கு மடங்காவது உயர்ந்திருந்தால், அது புதிய தொற்று என்று கருதலாம். கரைச்சுவரில் இருக்கும் கோடு வெள்ளத்தைக் காட்டாது. கோட்டின் மேல் நீர் ஏறுவதைக் கண்டால்தான் வெள்ளம் என்று கூற முடியும். ஆனால், காய்ச்சலில் துவள்பவர் இரண்டு வாரம் காத்திருக்க இயலாது என்பதால், நடைமுறையில் ஒற்றைச் சோதனையே முடிவாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது.

குருதி வளர்ப்புச் சோதனையே இன்றைய நோயைக் காட்டும் நேரடிச் சான்று. மருந்து தொடங்குமுன் குருதியை எடுத்து, ஊட்டக்கரைசலில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது அம்முறை. அதற்குச் சில நாள்கள் தேவை. உண்மையான நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேரிடம் மட்டுமே அது கிருமியைக் கண்டுபிடிக்கிறது. எனினும், எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பதையும் அதுவே காட்டும்.

பிழையின் விலை

ஒரு சீட்டைத் தவறாகப் படிப்பதால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணலாம். காய்ச்சலுக்குக் காரணம் உண்ணிக்காய்ச்சலாக இருந்தால், குடற்காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் செஃபிக்ஸிம் போன்ற மருந்துகள் அதனைத் தீர்க்கா. உரிய மருந்து கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நாளும் நோய் முற்றும். டெங்குவாக இருந்தால், நுண்ணுயிர்க்கொல்லியால் பயனே இல்லை.

ஊருக்கு நேரும் தீங்கு இன்னும் பெரிது. 1948இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து குடற்காய்ச்சலைக் குணப்படுத்துவது கண்டறியப்பட்டது. அதுவரை வாரக்கணக்கில் நோயாளியை வாட்டிய காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. ஆனால், 1972இல் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில், அம்மருந்துக்குப் பணியாத டைஃபி பரவியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தோன்றிய வகையோ ஐந்து தொகுதி மருந்துகளை எதிர்த்து நின்றது. தேவையின்றி விழுங்கப்படும் ஒவ்வொரு மாத்திரையும் உடலில் வாழும் கிருமிகளுக்குப் பயிற்சிக் களமாகிவிடுகிறது. கிருமி கற்றுக்கொள்ளும்போது நம் மருந்துப்பெட்டி காலியாகிறது.

தனிமனிதரிடமிருந்து ஊருக்கு

அப்படியாயின், எதிர்ப்பொருளை அளப்பது பயனற்றதா? இல்லை. கேட்கும் கேள்வியை மாற்றினால், அதே குருதி நம்பத்தக்க சாட்சியாகிறது. ‘இவருக்கு இன்று என்ன?’ என்பதை விடுத்து, ‘இவ்வூரில் ஓராண்டில் எத்தனை பேரைக் கிருமி தொட்டது?’ என்று கேட்க வேண்டும். பழைய தடம் முதற்கேள்விக்குத் தடையாக இருந்தது. இரண்டாம் கேள்விக்கு அதுவே சான்றாகிறது.

இதற்கு நுட்பமான அளவுகோல் தேவை. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் ஆகியோர் வெளியிட்ட எலிசா முறை அதற்கு உதவியது. சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டின் அடியில் ஆன்டிஜெனைப் பூசுகின்றனர். அதன்மேல் ஊநீரை விட்டால், பொருந்தும் எதிர்ப்பொருள்கள் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன, ஏனையவை கழுவப்படுகின்றன. பின்னர், நொதி இணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. அது முன்னதைப் பற்றிக்கொள்கிறது. நிறமற்ற ஒரு கரைசலை இறுதியில் ஊற்றினால் நொதி அதற்கு நிறமூட்டுகிறது. நிறம் எவ்வளவு அடர்த்தியோ, எதிர்ப்பொருள் அவ்வளவு மிகுதி. இங்குத் திரட்சியைக் கண்ணால் பார்த்துக் கூறுவதில்லை. கருவி நிறத்தை எண்ணாகத் தருகிறது. ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கவும் முடிகிறது.

அடுத்துத் தேவைப்படுவது, தடம் மங்கும் வேகம். நோய் உறுதிசெய்யப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள் எவ்வாறு குறைகிறது என்று அளந்தால் அது தெரியவரும். பங்களாதேஷ், நேபாளம், பாகிஸ்தான், கானா ஆகிய நாடுகளில், குருதி வளர்ப்புச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இவ்வாறு அளந்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். டைஃபியும் பாராடைஃபி ஏ வகையும் உண்டாக்குகின்ற, பிற சால்மோனெல்லா வகைகள் பலவற்றில் இல்லாத ஹீமோலைசின்–ஈ என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை அவர்கள் முதன்மையாகக் கொண்டனர். விரல்நுனியில் குத்தி, வடிதாளில் உலர்த்திய ஒரு துளிக் குருதியே ஊர்க்கணக்கெடுப்புக்குப் போதுமானதாக இருந்தது.

கணக்கின் அடிப்படையை ஓர் எளிய கற்பனையால் விளக்கலாம். ஒருவர் உடலில் தடம் சராசரியாக ஈராண்டு தெளிவாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் நூறு குழந்தைகளைச் சோதித்ததில் இருபது பேரிடம் தடம் உள்ளது. அவ்விருபதும் ஈராண்டுகளில் பதிந்தவை என்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துப் பேரைக் கிருமி தொட்டிருக்கிறது. உண்மையான ஆய்வுகளில் ஒவ்வொருவரின் அளவும் வயதும் சேர்த்துக் கணிக்கப்படுகின்றன; அடிப்படை எண்ணம் இதுவே.

இவ்வாறு கணக்கிட்டவர்கள் வியப்பூட்டும் உண்மையைக் கண்டனர். மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள நோயாளிகளைவிடத் தொற்றுக்கு ஆளானோர் பன்மடங்கு மிகுதி. உணவால் பரவும் பிற சால்மோனெல்லா வகைகளை எட்டு ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்தபோதும் இதுவே தெரிந்தது. மிகுதியான நோயாளிகளைப் பதிவுசெய்த நாடே மிகுதியான தொற்றுடைய நாடாக இருக்கவில்லை. பதிவேடு என்பது மருத்துவரை நாடியவர்களின் கணக்கு. குருதியோ நாடாதவர்களையும் சேர்த்து எண்ணுகிறது.

வேலூர் காட்டிய வழி

மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருவண்ணாமலை வழியாக வடக்கே சென்றால் வேலூரை அடையலாம். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில், 2017 முதல் 2020 வரை இந்தியாவில் குடற்காய்ச்சலைக் கணக்கிடும் பெரும்பணி நடைபெற்றது. வேலூர், டெல்லி, கொல்கத்தா ஆகியவற்றின் நகர்ப்பகுதிகளிலும் புனேயின் ஊரகப் பகுதியிலும் 24,062 குழந்தைகளின் நலம் வாரந்தோறும் விசாரிக்கப்பட்டது. காய்ச்சல் நீடித்தவர்களுக்குக் குருதி வளர்ப்புச் சோதனை செய்யப்பட்டது. சோதனைக்குத் தப்பியவர்களையும் கணக்கில் சேர்த்தபோது, நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை குடற்காய்ச்சலுக்கு ஆளாவது தெரியவந்தது. புனே ஊரகப் பகுதியில் அவ்வெண்ணிக்கை 35 மட்டுமே.

இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது. எல்லா ஊர்களும் ஒன்றல்ல. எங்கே குடிநீர்க் குழாயைச் சீரமைக்க வேண்டும், எங்கே தடுப்பூசியை முதலில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை ஊர்தோறும் அளந்தே முடிவு செய்ய வேண்டும். வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் பெரும்பணியை எல்லா ஊர்களிலும் செய்தல் அரிது. வடிதாளில் உலர்ந்த குருதித்துளியை எங்கும் எடுத்துச் செல்லலாம். மலையடிவாரச் சிற்றூர்களையும் கணக்கில் கொண்டுவரும் வாய்ப்பு அத்துளியில் இருக்கிறது.

தடுப்பூசியின் பயனை அறியவும் இம்முறை உதவும். ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட டைபாய்டு இணைப்புத் தடுப்பூசி, கிருமியின் ‘வி’ என்னும் உறைப்பொருளைக் கொண்டது. நவி மும்பை மாநகராட்சி 2018இல் இதனைப் பொதுத்திட்டமாகக் குழந்தைகளுக்கு அளித்தது. ஊசி போட்டவரிடம் ‘வி’க்கு எதிரான எதிர்ப்பொருள் பெருகும், ஹீமோலைசின்–ஈ ஊசியில் இல்லாததால் அதற்கான தடம் தோன்றாது. எனவே, எது ஊசியின் தடம், எது கிருமியின் தடம் என்று பிரித்தறிய முடியும்.

சீட்டை மீண்டும் படிப்போம்

இனி அந்த மாணவரின் சீட்டுக்கு வருவோம். ‘ஓ – 1:160’ என்னும் எண் வீண் அன்று. ஆனால் அது தீர்ப்பும் அன்று. காய்ச்சல் எத்தனை நாளாக உள்ளது, முன்பு இந்நோய் வந்ததா, தடுப்பூசி போடப்பட்டதா, வேறு அறிகுறிகள் உள்ளனவா என்பவற்றோடு சேர்த்தே மருத்துவர் அதனைப் படிப்பார். தேவையெனில் குருதி வளர்ப்புச் சோதனைக்கோ உண்ணிக்காய்ச்சல், டெங்கு ஆகியவற்றின் சோதனைக்கோ பரிந்துரைப்பார். சீட்டை மருந்துக்கடைக்கு எடுத்துச் செல்வதற்கும் மருத்துவரிடம் எடுத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு, சில வேளைகளில் ஓர் உயிரின் வேறுபாடு.

அளவிடுதல் அறிவியலின் தொடக்கம். அளந்தது எதை என்று அறிதலே அதன் முதிர்ச்சி. வண்டல் கோட்டைக் கண்டு வெள்ளம் என அலறுவோரும் தவறுகின்றனர். கோட்டைக் கழுவிவிட்டு வெள்ளமே வந்ததில்லை என்போரும் தவறுகின்றனர். கோட்டை அளந்து, குறித்து வைத்து, அடுத்த மழைக்குமுன் கரையை உயர்த்துவோரே ஊரைக் காப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் குடிநீர், மூலத்திலிருந்து வீட்டுக் குழாயை அடையும் வழியை வரைபடமாக வரைக. மாசு கலக்க வாய்ப்புள்ள இடங்களைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. வெல்லக் கரைசலை இரட்டிப்பாக நீர்த்துச் சுவைத்துப் பார்த்து, இனிப்புத் தெரியும் கடைசி நீர்த்தலைக் கண்டறிக. வகுப்பில் உள்ள அனைவருக்கும் ஒரே விடை வருகிறதா? வேறுபாட்டிற்கான காரணத்தை எழுதுக.

3. ‘மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்குதல்’ என்னும் பொருளில், உங்கள் ஊர் மக்களுக்கு விளங்கும் வகையில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதுக.